வெள்ளைத் துணியில் எதுவும் மிச்சமில்லை

அன்று மாலை ஐந்தேகாலுக்கு உப்பளம் ஆம்புலன்ஸ் சங்கத்தின் முன்னறையில் மூன்று பேர் இருந்தார்கள். செயலாளர் தெய்வசிகாமணி ஜன்னலை ஒட்டிய பெரிய மேஜைக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். கலைவாணி சுவரோரத்து முக்காலியில், இரண்டு நாளுக்கு முன்புதான் பொருத்திய வயர்லெஸ் செட்டுக்கு எதிரே. ரேடியோ மெக்கானிக் அன்வருதீன் வாசல் பக்கத்து பெஞ்சின் நுனியில், மடியில் பரீட்சை அட்டையும் அட்டையில் வெள்ளைத் தாளுமாக. நாலாவது இருக்கை ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அது டிரைவர் காத்தவராயனுடையது. அவன் துண்டு மட்டும் அதில் உட்கார்ந்திருந்தது. அவனும் நர்ஸ் மாலாவும் மூன்றேமுக்காலுக்கே புது வண்டியை எடுத்துக்கொண்டு மரக்காணம் போயிருந்தார்கள். அங்கே சாமிக்கண்ணு என்று ஒரு பெரியவருக்கு மூச்சுத் திணறல். ஆக்சிஜன் வைத்தபடியே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும்.

அன்வருதீன் எழுதிக்கொண்டிருந்தது வேலை முடிந்ததற்கான சான்றுக் கடிதம். 13.6.2003, வெள்ளிக்கிழமை என்று தேதி போட்டு, கீழே கோடு கிழித்திருந்தார். எந்தக் கடிதமானாலும் அவருக்கு ஒரே முறைதான். முதலில் என்ன வேலை, பிறகு எந்த வண்டி, பிறகு என்னென்ன பொருத்தப்பட்டது, கடைசியில் சோதித்த விவரம். வண்டியையும் செட்டையும் வாங்கிக் கொடுத்தது பாரீஸில் குடியிருக்கும் புதுச்சேரிக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம். முதல் வண்டியின் சான்று கைக்கு வந்த பிறகுதான் அடுத்த இரண்டு வண்டிகளைப் பற்றி அவர்கள் பேசுவார்கள். இன்றைய தபாலில் போனால்தான் அவர்களுடைய மாதக் கூட்டத்துக்குப் போய்ச் சேரும்.

"இன்னும் எவ்ளோ நேரம் அன்வரு? நான் அத பிரெஞ்சுல வேற எழுதணும்." தெய்வசிகாமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேரியில் முப்பது வருஷம் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவர். ஊரில் நகராட்சி என்று எழுதிப் போட்டுப் பல காலமாகியும் அவர் வாயில் அது மேரிதான்.

"ரெண்டு வரிதான் ஐயா. இதோ."

'பேட்டரியிலிருந்து செட்டுக்கு வரும் மின்கம்பி, எஞ்சினுக்கும் டிரைவருக்கும் நடுவில் உள்ள இரும்புத் தகட்டைத் துளைத்து' என்று எழுதி நிறுத்தினார். அடுத்த சொல் 'பாதுகாப்பாக' என்று வரவேண்டும்.

கலைவாணி எழுந்து மூலையில் இருந்த பூஜைத் தட்டை எடுத்தாள். காலையில் வண்டிக்குப் படைத்தது. வெற்றிலை சுருங்கிப்போயிருந்தது, வாழைப்பழம் ஒன்றுதான் கறுக்காமல் இருந்தது.

"பாய், பழம் துன்றீங்களா? வெய்யிலுக்கு இனிமே தாங்காது."

"வெச்சிடும்மா, எழுதிட்டு எடுத்துக்கறேன்."

அவள் பழத்தை எடுத்தாள். கூடவே ஒரு வெற்றிலை ஒட்டிக்கொண்டு வந்தது. அதன் அடியில் கறுப்பாக, வட்டமாக ஏதோ இருந்தது. நடுவில் ஓட்டை. மேலே ஒரு மஞ்சள் பொட்டு, அதற்கு மேல் குங்குமம்.

"இது என்னா? கருகிப் போன உளுந்து வடையாட்டம்..."

அன்வருதீன் நிமிர்ந்து பார்த்தார். பேனா விரலிலேயே நின்றது. அவள் நீட்டிய கையில் இருந்தது ரப்பர் வளையம். துளை போட்ட தகட்டின் விளிம்பில் கவ்வ வைத்து, அதன் நடுவழியாகத்தான் மின்கம்பியை விட வேண்டும். இல்லாவிட்டால் வெட்டுப்பட்ட இரும்பு, கத்தி மாதிரி கம்பியின் மேலேயே உட்காரும்.

அது இங்கே இருக்கிறதென்றால் வண்டியில் இல்லை.

*

பதினெட்டு வருஷமாக அன்வருதீனுக்கு வேலையில் ஒரு முறை உண்டு. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரிப்பார். மாட்ட வேண்டிய சாமான்களை, மாட்டப்போகும் வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்குவார். செட்டைத் தாங்கும் பட்டை, திருகு, ரப்பர் வளையம், ஃப்யூஸ் டப்பி, செட், மைக் கொக்கி, வண்டிக் கூரைக்கு ஏரியல். பிஸ்மில்லா சொல்லி இடது ஓரத்திலிருந்து எடுக்கத் தொடங்குவார். துணி காலியானால் வேலை முடிந்தது. காகிதத்தில் எழுதி வைப்பதில்லை. துணிதான் கணக்கு. துணி பொய் சொன்னதே கிடையாது.

அன்று காலை ஒன்பதரைக்குத் தகட்டில் துளை போட்டார். கம்பியின் நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வளையம் இல்லாமலே கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. இழுத்து வெளியே எடுத்து, வளையத்தை மாட்டி, மறுபடி விட வேண்டும். அந்த நேரத்தில்தான் காத்தவராயன் கற்பூரத்தோடு வந்து நின்றான்.

"பாய், பானெட்ட சாத்து. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பூஜைய முடிக்கலைன்னா செக்ரட்டரி என்னை வண்டிக்கு முன்னாடி எலுமிச்சம்பழத்துக்கு பதிலா வெச்சிடுவாரு."

அன்வருதீன் சிரித்துக்கொண்டே பானெட்டைச் சாத்தினார். குழாயடிக்குப் போய்க் கை கழுவி, ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். அதற்குள் காத்தவராயன் வெள்ளைத் துணியில் இருந்த அத்தனை சாமானையும் அள்ளித் தட்டில் வைத்திருந்தான். புதிதாக வண்டியில் ஏறும் எந்தப் பொருளுக்கும் பொட்டு வைக்காமல் ஏற்ற மாட்டான் அவன். போன வருஷம் பழைய வண்டிக்கு வாங்கிய ஸ்டெப்னி டயருக்கும் வைத்தான், மருந்துப் பெட்டிக்கும் வைத்தான். செட், மைக், ஏரியல், ஃப்யூஸ் டப்பி, மைக் கொக்கி எல்லாவற்றுக்கும் மஞ்சள், குங்குமம். பூஜை முடிந்ததும் எல்லாவற்றையும் பத்திரமாகத் துணியிலேயே திரும்ப அடுக்கினான், அதே வரிசையில். அவனுக்குக் கண் அவ்வளவு கூர்மை. ஆனால் வளையம் வெற்றிலைக்கு அடியில் போய்விட்டிருந்தது.

அன்வருதீன் வந்து துணியைப் பார்த்தார். இடது ஓரத்தில் ஃப்யூஸ் டப்பி இருந்தது. கம்பி ஏற்கெனவே தகட்டைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. சரி, இதுவரை முடிந்தது என்று ஃப்யூஸ் டப்பியைக் கையில் எடுத்தார். ஒரு மணிக்கு ஜும்ஆ தொழுகைக்குப் போனார், இரண்டு மணிக்குத் திரும்பினார், ஏரியலை வண்டிக் கூரையில் ஏற்றினார், மீட்டர் வைத்து அளந்தார், காலாப்பட்டு வரை ஓட்டிப் போய்ப் பேசிப் பார்த்தார். கணீரென்று கேட்டது. துணியைப் பார்த்தார். காலி. உதறி மடித்துப் பைக்குள் வைத்தார்.

*

"அதனால என்னா இப்போ?" என்றார் தெய்வசிகாமணி. "ஃப்யூஸ் இருக்குதுல்ல? கம்பி தகட்டுல பட்டா ஃப்யூஸ் போவும். செட்டு நிக்கும். அவ்ளோதான?"

அன்வருதீன் வளையத்தைக் கலைவாணியிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஃப்யூஸ் உள்ள இருக்குது ஐயா. டிரைவர் முட்டிக்குப் பக்கத்துல."

"உள்ள இருந்தா?"

"பேட்டரிலேர்ந்து தகடு வரைக்கும் வர்ற கம்பிக்கு ஃப்யூஸ் கிடையாது. அந்த இடத்துல தேய்ஞ்சு இரும்புல பட்டுதுன்னா பேட்டரி மொத்தமும் அந்தக் கம்பி வழியாவே பாயும். அத நிறுத்த நடுவுல ஒண்ணுமே இல்ல. கம்பி பழுக்கும். பத்திக்கும்."

செட்டோடு வந்த புத்தகத்தில் ஃப்யூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லிப் படம் இருந்தது. அன்வருதீன் எப்போதுமே அதை மாற்றித்தான் போடுவார். மழையில், நடுரோட்டில், பானெட்டைத் திறந்து ஃப்யூஸ் மாற்ற டிரைவர்கள் படும் பாட்டைப் பார்த்தவர். உட்கார்ந்த இடத்திலிருந்தே கை எட்ட வேண்டும் என்று அவராக வைத்துக்கொண்ட வழக்கம். வளையம் இருக்கும்வரை அதில் ஒரு கெடுதலும் இல்லை. பதினொரு வண்டிகளுக்கு அப்படித்தான் போட்டிருக்கிறார்.

கலைவாணி மெதுவாகக் கேட்டாள்: "பின்னாடி ஆக்சிஜன் சிலிண்டர் இருக்குதே பாய்?"

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கிறீச்சிட்டது.

முதலில் அசைந்தவள் கலைவாணிதான். பதிவேட்டைப் புரட்டினாள். சாமிக்கண்ணுவின் மகன் மரக்காணத்தில் எந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாரோ அந்த நம்பர் இருந்தது. சுழற்றினாள். வண்டி புறப்பட்டுக் கால் மணி நேரம் ஆயிற்று என்றார் பூத்துக்காரர். பெரியவரைத் தூக்கி வைத்ததைத் தானே பார்த்ததாகவும் சொன்னார். காத்தவராயனிடமும் செல்போன் இல்லை, மாலாவிடமும் இல்லை. செயலாளர் சட்டைப் பையில் ஒன்று இருந்தது. அதை எடுத்து மேஜைமேல் வைத்து, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சமிருந்தது வயர்லெஸ் ஒன்றுதான்.

"வண்டி ஒண்ணு, வண்டி ஒண்ணு, உப்பளம் கூப்பிடுது. ஓவர்." கலைவாணி மைக்கின் பொத்தானை விட்டாள். செட்டிலிருந்து மழை பெய்கிற மாதிரி ஒரே இரைச்சல். "வண்டி ஒண்ணு, காத்தவராயண்ணே, கேக்குதா? ஓவர்."

இரைச்சல்.

காலாப்பட்டு வரை தெளிவு. அதற்கு அப்பால் அன்வருதீன் சோதிக்கவில்லை. இந்நேரம் வண்டி கூனிமேட்டை நெருங்கியிருக்கும், அல்லது தாண்டியிருக்கும். சங்கத்து மாடியில் ஏரியல் கட்டிய அறுபதடிக் குழாய் நிற்கிறது, இங்குள்ள செட்டுக்குச் சக்தியும் அதிகம். இங்கே பேசுவது அங்கே கேட்டாலும் கேட்கும். அங்கிருந்து பேசுவது இங்கே வராமலும் போகலாம்.

"என்கிட்ட குடும்மா."

மைக்கை வாங்கினார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். தீ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பின்னால் பெரியவரோடு வருகிற மகன் கதவைத் திறந்துகொண்டு குதிப்பான். பெரியவர் மூக்கில் குழாயோடு கிடக்கிறார். எதைச் சொல்வது, எதை விடுவது?

"காத்தவராயா, நான் அன்வர் பாய் பேசறேன். பயப்படாத. வண்டிய ஓரமா நிறுத்து. எஞ்சின ஆஃப் பண்ணு. பானெட்ட திற. பேட்டரி ப்ளஸ்ல ரெண்டு வயர் இருக்கும். தடியா இருக்கறது வண்டியோடது, அத தொடாத. இன்னொண்ணு, பென்சில் கனம், சிவப்பு. அத மட்டும் கழட்டு. கழட்டுன முனைய துணி சுத்தி வை. அப்புறம் வண்டிய எடுத்துக்கினு ஆஸ்பத்திரிக்குப் போயிடு. ஓவர்."

பொத்தானை விட்டார். இரைச்சல். அதையே மறுபடி சொன்னார், வார்த்தை மாறாமல். மூன்றாவது முறை சொல்லிவிட்டுப் பொத்தானை விட்டதும் இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல் நெளிந்தது.

"...கேக்குது பா..."

அவ்வளவுதான். கத்தரித்த மாதிரி நின்றது. அதற்குப் பிறகு வெறும் இரைச்சல்.

கலைவாணி பதிவேட்டில் எழுதினாள்: 5.31. வண்டி ஒன்று பதில். அரைகுறை.

"பதில் வந்துடுச்சி!" தெய்வசிகாமணி எழுந்தே விட்டார். "அவ்ளோதான், முடிஞ்சுது. இன்னும் எதுக்கு மூஞ்சிய அப்பிடி வெச்சினு இருக்கே?"

அன்வருதீன் மைக்கைக் கொக்கியில் மாட்டவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"பாதியில நின்னுடுச்சி ஐயா."

"கழட்டியிருப்பான். கழட்டுனா செட்டு செத்துடும்னு நீதான சொல்லுவே."

"பேசினு இருக்கும்போதே எப்பிடி ஐயா கழட்டுவான்? பேசறவன் உள்ள உக்காந்திருக்கான். பேட்டரி வெளிய இருக்குது."

செயலாளர் மறுபடி உட்கார்ந்தார்.

*

இனிமேல் செட் பேசாது. சொன்னபடி கம்பியைக் கழற்றியிருந்தாலும் பேசாது. கம்பி பற்றிக்கொண்டிருந்தாலும் பேசாது. எது நடந்திருந்தாலும் இந்த முக்காலிக்கு எதிரே கேட்கப்போவது இதே இரைச்சல்தான் என்று அன்வருதீனுக்குத் தெரியும். தெரிந்தும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

திடீரென்று எழுந்து டி.வி.எஸ். சாவியை எடுத்தார்.

"எங்க பாய் போறீங்க?"

"இ.சி.ஆர். ரோட்ல போறேன். எதிர்லதான வருவாங்க."

"நீங்க போனப்புறம் அவரு ஏதாச்சும் பூத்துலேர்ந்து போன் பண்ணி, பாய், எந்த வயரு, ரெண்டும் சிவப்பா இருக்குதுன்னு கேட்டா நான் என்னா சொல்றது?"

அவர் வாசலிலேயே நின்றார். பிறகு சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு பெஞ்சுக்குத் திரும்பினார்.

ஐந்து ஐம்பதுக்குத் தொலைபேசி அடித்தது. மூன்று பேருமே பாய்ந்தார்கள். எடுத்தது செயலாளர். "அலோ... ஆமா... ஆமா..." அவர் முகம் சுருங்கியது. "வர்றப்ப வாங்கினு வரேன். அரைக் கிலோ போதுமா? வெய்யி, வெய்யி, வேற போன் வரணும்!" வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல், "ரவை வேணுமாம்," என்றார்.

அன்வருதீன் வளையத்தை விரலில் மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். மஞ்சள் விரலில் ஒட்டியது. தகட்டின் விளிம்பு கண்ணுக்குள்ளேயே நின்றது. துளை போட்ட பிறகு அரம் வைத்துத் தேய்த்தாரா? தேய்க்கவில்லை. வளையம்தான் வரப்போகிறதே என்று விட்டிருந்தார். மரக்காணம் போக முப்பத்தைந்து கிலோமீட்டர், வர முப்பத்தைந்து. எஞ்சின் ஒவ்வொரு முறை அதிரும்போதும் கம்பி அந்த விளிம்பில் ஒருமுறை உரசும். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை உரசல் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை.

பிறகு மற்ற வண்டிகள் வந்தன. தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியின் மூன்று வேன்கள். செக்யூரிட்டி ஆபீஸ் ஜீப்கள். தண்ணீர் லாரி. பதினொன்றிலும் ஃப்யூஸ் உள்ளே. பதினொன்றிலும் வளையம் போட்டாயிற்று என்று சொன்னது யார்? துணி. அந்த நாட்களில் துணிப்பக்கம் யார் வந்தார்கள், யார் போனார்கள், யார் எதை எடுத்து எங்கே வைத்தார்கள்? ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"பாய், தண்ணி குடிங்க," என்றாள் கலைவாணி.

குடித்தார். தம்ளரைக் கீழே வைக்கும்போது அது தாளின் மேல் பட்டு, 'துளைத்து' என்ற சொல்லின் மை கரைந்தது.

ஆறு பதினாலுக்கு மறுபடி தொலைபேசி. இந்த முறை செயலாளர் எடுக்கவில்லை. அன்வருதீனைப் பார்த்தார். அன்வருதீனும் எடுக்கவில்லை. நாலாவது முறை மணி அடித்ததும் கலைவாணி எடுத்தாள்.

"அலோ... மாலாக்காவா? எங்கேர்ந்துக்கா? ...ஆங்... ஆங்..." ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு இவர்கள் பக்கம் திரும்பினாள். "ஆஸ்பத்திரிலேர்ந்து. பெரியவர உள்ள சேத்தாச்சாம். நல்லா இருக்காராம். காத்தவராயண்ணன் வண்டிய ஓரங்கட்டினு இருக்காராம்."

அன்வருதீன் பெஞ்சில் அப்படியே முன்னால் குனிந்து இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ் என்றது வெளியே கேட்கவில்லை.

*

ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வண்டி வாசலில் வந்து நின்றது. காத்தவராயன் இறங்கியதும் முதலில் தன் நாற்காலித் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"என்னா பாய், முதல் நாளே நடுரோட்ல நிக்க வெச்சிட்டியே. பெரியவரோட பையன் கேக்கறான், ஏண்ணே புது வண்டிதான, தள்ளணுமான்னு."

"ஏன்டா பாதியில நின்னே?" என்றார் அன்வருதீன். "கேக்குது பாய்னு முழுசா சொல்றதுக்குள்ள..."

"நான் எங்க நின்னேன்? நீதான நிறுத்துன்னே. ஒரு கையில மைக்கு, ஒரு கையில ஸ்டீரிங்கு. நீ சொன்ன சொல்லுல வெலவெலத்துப் போயி மைக்கக் கீழ போட்டுட்டேன். அப்புறம் எடுத்துப் பேச நேரமேது? எறங்கி ஓடினேன்."

பானெட்டைத் திறந்து காட்டினான். அன்வருதீன் டார்ச்சைப் பிடித்தார். துளையின் விளிம்பில் சிவப்பு உறை ஒரு பக்கமாக வெட்டுப்பட்டுப் பிளந்திருந்தது. உள்ளே செம்பு இழைகள் பளபளவென்று தெரிந்தன. இரும்புக்கும் செம்புக்கும் நடுவில் ஒரு நகத்தின் கனம்கூட இல்லை.

தெய்வசிகாமணி எட்டிப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

அன்வருதீன் வளையத்தை எடுத்துக் காட்டினார். காத்தவராயனுக்கு ஒரு கணம் புரியவில்லை. அதன் மேலிருந்த பொட்டைப் பார்த்ததும் புரிந்தது.

"ஐயோ பாய்... நான்தான் பொட்டு வெச்சேன். எல்லாத்தையும் திருப்பி வெச்சேனே. எண்ணல..."

"நான் எண்ணியிருக்கணும்டா. நீ இல்ல."

*

"இப்ப என்ன செய்யணும்னா," என்றார் தெய்வசிகாமணி, மேஜைமேல் விரலால் தட்டிக்கொண்டு, "இன்னைக்கே வளையத்த போட்டுடு. கம்பிய மாத்திடு. அப்புறம் சான்றுல சரியா இருக்குதுன்னு எழுது. பொய் இல்லியே. நீ எழுதறப்ப சரியாத்தான இருக்கும்?"

"இன்னைக்கு நடந்ததையும் எழுதணும் ஐயா."

"எதுக்கு? எவனாச்சும் செத்தானா? அங்க உக்காந்துகினு படிக்கறவனுக்கு என்னா புரியும்? முதல் வண்டியே பத்திக்கப் பாத்துதாம், அடுத்த ரெண்டையும் மெட்ராஸ் கம்பெனிக்குக் குடுங்கடாம்பான். உனக்குத்தான் நஷ்டம்."

"தெரியும் ஐயா."

"சரி, நீ தமிழ்ல எழுது. நான் பிரெஞ்சுல எழுதறப்ப அந்த வரிய உட்டுட்டா யாருக்குத் தெரியும்?"

அன்வருதீன் பரீட்சை அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அப்போ என் தமிழ்க் கடிதாசியும் அதோட கூடவே போவட்டும். அங்க இருக்கறவங்க நம்ம ஊர்க்காரங்கதான. படிச்சிப்பாங்க."

காத்தவராயன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன், "எழுதட்டும் சார்," என்றான். "அடுத்த வண்டிய வேற யாராச்சும் ஓட்டுவான். அவன் முட்டிக்குப் பக்கத்துலயும் அந்த டப்பி இருக்கும்ல?"

தெய்வசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றாகத் துடைத்தார். "உங்க ரெண்டு பேரையும் வெச்சிகினு நான் சங்கம் நடத்தறேன் பாரு," என்றார். காகிதக் கட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு பிரெஞ்சில் எழுதத் தொடங்கினார்.

அன்வருதீன் கறைபட்ட தாளைக் கிழிக்கவில்லை. அதே தாளில் தொடர்ந்தார். துளைத்து உள்ளே வருகிறது என்று வாக்கியத்தை முடித்துவிட்டு, கீழே 'குறிப்பு' என்று போட்டு, வரிசையாக எழுதினார்.

'இந்த வண்டியில் முதல் முறை துளைக்கு ரப்பர் வளையம் போடாமல் விட்டது என் தவறு. பூஜைக்காக வேலையை நிறுத்திய பிறகு சாமான்களை எண்ணிப் பார்க்கவில்லை. நோயாளியுடன் வண்டி ஓடியபோது மின்கம்பியின் உறை வெட்டுப்பட்டிருந்தது. வயர்லெஸ்ஸில் நான் சொன்னபடி டிரைவர் திரு. காத்தவராயன் உடனே நிறுத்திக் கம்பியைக் கழற்றியதால் ஆபத்து வரவில்லை. மேலும், ஃப்யூஸை பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்காமல் உள்ளே வைப்பது என் வழக்கம். அதுவும் தவறு. நாளைக் காலை இந்த வண்டியில் கம்பி மாற்றப்பட்டு, வளையமும் இரண்டு இடத்திலும் ஃப்யூஸும் போடப்படும். அதுவரை வண்டி வெளியே எடுக்கப்படாது. இதே முறையில் நான் செய்த மற்ற பதினொரு வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கும் எழுதி, வண்டியை அனுப்பச் சொல்லப் போகிறேன்.'

நிறுத்தினார். இன்னும் ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். பட்டை, திருகு, வளையம், ஃப்யூஸ் டப்பி, செட், கொக்கி, ஏரியல் என்று ஓரத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எண்ணிக்கை போட்டார். வளையம், 1. அதன் பக்கத்தில் 'பொருத்தப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

தெய்வசிகாமணி தன் தாள்களை நீட்டினார். அன்வருதீனுக்குப் பிரெஞ்சு தெரியாது. இருந்தாலும் கடைசிப் பக்கத்தில் தன் குறிப்பு இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தார். ஏழெட்டு வரி நெருக்கமாக இருந்தது.

"பாக்கறியா? இருக்குது, இருக்குது," என்றார் செயலாளர் கோபமாக. "நடந்தத நடந்தபடிதான் முப்பது வருஷம் எழுதினேன். நீ ஒருத்தன் வந்துதான் எனக்குக் கத்துக்குடுக்கணுமா?"

இரண்டு கடிதங்களையும் சேர்த்து மடித்து உறைக்குள் விட்டார்கள். கலைவாணி கோந்து பாட்டிலைக் கொண்டுவந்தாள். பிரஷ் காய்ந்துபோயிருந்ததால் விரலாலேயே தடவினாள். தெய்வசிகாமணி ஓரத்தை மடித்து, அதன் மேல் பதிவேட்டை வைத்து, பதிவேட்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஏழரைக்கு ரயிலடில தபால் பைய கட்டிடுவான். போ."

அன்வருதீன் டி.வி.எஸ்.ஸை உதைத்தார். ரயிலடி ஆர்.எம்.எஸ். கவுன்டரில் ஒரே ஆள்தான் இருந்தார், சணல் கயிற்றைப் பல்லால் இழுத்து முடிபோட்டுக்கொண்டு. உறையை வாங்கித் தராசில் வைத்தார், தபால்தலைகளைக் கிழித்துக் கொடுத்தார். அன்வருதீன் ஒவ்வொன்றாக ஒட்டினார். கோந்து இன்னும் காயவில்லை, உறையின் ஓரத்தில் கலைவாணியின் விரல் ரேகை பதிந்திருந்தது.

"பதிவுத் தபாலா?"

"ஆமாங்க."

கவுன்டர்காரர் முத்திரையை மையில் ஒற்றி இரண்டு முறை அடித்தார். ரசீதை இந்தப் பக்கம் தள்ளினார். உறையை, கட்டாமல் திறந்திருந்த பைக்குள் போட்டார்.